'அவருக்குப் பழக்கம்தான்' என்று சொல்லாதீர்கள்!

காலை ஆறு மணி. மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உடனே என்ன செய்கிறோம்? "மோட்டார் ஓடலை, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று வாட்ச்மேனுக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ குரல் கொடுக்கிறோம். அவரும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று போர்டைத் திறக்கிறார். "ஷாக் அடிக்காதா?" என்று குழந்தை கேட்டால், "அவருக்கு அதெல்லாம் பழக்கம்தான்" என்று பதில் சொல்கிறோம்.

மின்சாரத்துக்கு அனுபவஸ்தர், புதுசா வந்த பையன் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாதுங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் அதிகம்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது? 1 மில்லி ஆம்பியர் கரண்ட் பாய்ந்தால் சுருக்கென்று இருக்கும். 10-ஐத் தாண்டினால் கைத் தசைகள் இறுகிவிடும்; பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. 50-க்கு மேல் சில விநாடிகள் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். உலர்ந்த தோல் கரண்ட்டை ஓரளவு தடுக்கும். வியர்வையிலோ தண்ணீரிலோ நனைந்துவிட்டால் அந்தத் தடுப்பும் போச்சு!

"எங்க பில்டிங்கில் எம்.சி.பி. இருக்கே சார்" என்பீர்கள். அது வயரைக் காப்பாற்றுவதற்கு. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16 ஆயிரம் மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். ஆளைக் காப்பாற்ற வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த அளவு கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் அதுவும் கைகொடுக்காது.

வருஷா வருஷம் சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்கிறோம் இல்லையா? அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கிளினிக், கல்யாண மண்டபம் என்று பராமரிப்புக்கு ஆள் வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் அப்படியொரு மின் பரிசோதனை கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும்" என்று ஒதுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்தக்காரரை எர்த் டெஸ்டர், மெக்கர் கருவிகளோடு வரச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, வயரின் இன்சுலேஷன் எப்படி, ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இருபது வீட்டுக்காரர்கள் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வந்துவிடும்? கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க யோசிக்காமல் கொடுக்கிறோமே!

காசே இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவையும் உண்டு.

* "எங்கெல்லாம் உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்கு?" என்று வேலை செய்பவரிடமே கேட்டு எழுதுங்கள். பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும்.

* மூடி இல்லாத ஸ்டார்ட்டர் பெட்டி, உடைந்த ஸ்விட்ச், டேப் சுற்றிய ஒட்டு வயர், கருகல் வாசனை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் மாற்றுங்கள்.

* ரிப்பேர் என்றால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். ஃபியூஸ் கேரியர் வேலை செய்பவரின் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். 'ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிடுங்கள். இன்வெர்ட்டர், ஜெனரேட்டரை மறந்துவிடாதீர்கள். அந்த வழியாகவும் கரண்ட் வரும். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

அப்படியும் யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், பதறிப் போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். நினைவும் மூச்சும் இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நடு மார்பில் இரு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். "ஒண்ணுமில்லை சார்" என்று எழுந்து உட்கார்ந்தாலும் டாக்டரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள். "இதுக்கெல்லாம் ஏது பணம்?" என்று யாராவது முணுமுணுத்தால், "அந்த ஈரத் தரையில நின்னு போர்டை நீங்க திறப்பீங்களா சார்?" என்று கேளுங்கள். பணம் வந்துவிடும்!