கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே சில வருஷங்களாக ஒரு பழக்கம் வேகமாய்ப் பரவி வருகிறது. கம்பெனியார் வண்டியோடு கொடுத்த முகப்பு விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு, கடைவீதியிலோ இணையக் கடையிலோ வாங்கிய அதிகப் பிரகாசமான பல்பை வீட்டு வாசலிலேயே மாட்டிக் கொள்வதுதான் அது. கால் மணி நேர வேலை; மெக்கானிக்கின் தயவும் வேண்டுவதில்லை. இத்தகைய அற்ப விஷயத்துக்கு ஒரு தலையங்கமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் ஒரு கணம் குருடாகி, ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டு ஓட்டியவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள்.

சென்ற மாதம் ஓரிரவு நாம் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போய்க் கொண்டிருந்தோம். எதிரே வந்த ஒரு சிறு காரின் வெள்ளை வெளிச்சம் நமது கண்ணை அடைத்து விட்டது. அது கடந்து போன பின்னரே, சாலையோரத்தில் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு நடந்த ஒரு முதியவர் நமது வண்டிக்கு இரண்டு முழத் தூரத்தில் இருப்பது தெரிந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கண் தெளிய மூன்று வினாடி ஆகுமானால், 66 மீட்டர் தூரம் வண்டியை ஓட்டுவது குருடனே ஆவான். வயது ஏற ஏறக் கண் தெளியும் நேரமும் நீளுகிறது. அம்முதியவர் தப்பியது அவருடைய நல்லூழ், நமது சாமர்த்தியமன்று.

குற்றம் சொல்லுமுன் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நமது சாலைகளில் பெரும்பகுதிக்கு விளக்கில்லை. மாடுகளும், பின்விளக்கில்லாத டிராக்டர்களும், கறுப்புப் போர்வை போர்த்திய பாதசாரிகளும் எந்நேரமும் குறுக்கிடலாம். கார்க் கம்பெனிகளோ, உயர்ந்த விளக்கை விலை கூடிய ரகத்துக்கு ஒதுக்கிவிட்டு, குறைந்த விலை ரகத்துக்குப் பழைய ஹாலஜன் விளக்கையே கொடுக்கின்றன. ஆகவே கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்று ஒருவர் ஆசைப்படுவது தவறேயன்று. அவ்வாசை நிறைவேறும் வழியைப் பற்றியே நமது ஆட்சேபம்.

பல்பு வேறு, விளக்கு வேறு என்று எண்ணுவதே இதில் மூலப் பிழை. எச்4 என்னும் பல்பை எடுத்துக் கொள்வோம். இதில் இரண்டு இழைகள் உள்ளன: தூரப் பார்வைக்கு 60 வாட், தாழ்ந்த பார்வைக்கு 55 வாட். தாழ்ந்த பார்வைக்குரிய இழையின் அடியில் சிறு கரண்டி போன்ற உலோக மறைப்பொன்று இருக்கும். கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது தடுத்துவிடுவதால், பிரதிபலிக்கும் கிண்ணத்தின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே ஒளியை அறுத்து நிறுத்துவது இந்தக் கரண்டியும், இழை நிற்கும் இடமுமே. இழை மயிரளவு இடம் மாறினாலும் அந்தக் கணக்கு தவறிவிடும்.

அதே இடத்தில் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் என்னவாகும்? இழை நாற்புறமும் ஒளி வீசும், எல்.ஈ.டி. சில்லுகளோ தட்டையான இரு பக்கங்களில் உட்கார்ந்து, பக்கத்துக்கொரு திசையாக வீசுகின்றன. கிண்ணம் எதிர்பார்த்த இடத்தில் ஒளி பிறவாததால், அது கண்ட திசையிலெல்லாம் சிதறுகிறது. ஜீனான் வாயுப் பல்பை ஹாலஜன் விளக்கில் பொருத்தினால் தீங்கு இன்னும் அதிகம். எச்4 பல்பின் தாழ்ந்த பார்வைக்குச் சர்வதேச விதி ஏற்படுத்திய அளவு சுமார் 1,000 லூமென். கடைப் பெட்டிகளின்மேல் 10,000 என்றும் 20,000 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்குவோர், அதில் பாதி உண்மையாயிருந்தாலும் அந்த ஒளி யார் கண்ணில் போய் விழும் என்று யோசிப்பதில்லை.

வாங்கியவருக்காவது இலாபமுண்டா என்றால், அதுவும் சந்தேகமே. வண்டியின் மூக்குக்கு முன்னால் சாலை பளீரென்று ஒளிர்வதைக் கண்டு அவர் மகிழ்ந்து போகிறார். ஆனால் அருகே ஒளி மிகுந்தால் கண்ணின் பாப்பா சுருங்கித் தூரத்திலுள்ளது மங்கிவிடும். மழையிலும் மூடுபனியிலும் சிதறிய ஒளி திரும்பி அவர் கண்ணிலேயே விழும்.

பழைய இழைப் பல்பிலேயே 100/90 வாட் ரகத்தை மாட்டுவோரும் உளர். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்குமானால், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியில் உண்டாகும் சூடு மின்சாரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், அது ஏறக்குறைய மூன்று மடங்காகும். சாக்கெட் உருகுவதும் ஸ்விட்ச் கருகுவதும் இதனாலேயே. கம்பி எரிந்த பிறகு கம்பெனியிடம் உத்தரவாதம் கேட்டுப் போனால், அவர்கள் மறுக்க இடமுண்டு.

அப்படியானால் இருட்டில் தடவிக் கொண்டே போக வேண்டியதுதானோ? இல்லை. முதலாவதாக, மஞ்சள் பூத்த விளக்கு முகத்தைத் தேய்த்துத் துலக்க வேண்டும். பல வண்டிகளில் இழந்த வெளிச்சம் இதிலேயே திரும்பிவிடும். இரண்டாவதாக, நல்ல தயாரிப்பாளரின் அதே வாட் அளவுள்ள பல்புகளை இரு பக்கமும் ஒரே காலத்தில் மாற்ற வேண்டும். வட்டத்துக்குள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பது அங்கீகாரத்தின் அடையாளம். பல்பு ஆறிய பிறகே தொட வேண்டும். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படலாகாது. பின்புற ரப்பர் மூடியைச் சரியாய்ப் பொருத்த வேண்டும். மூன்றாவதாக, பழைய வண்டிகளில் மின்சாரம் ஸ்விட்ச் வழியே சுற்றி வருவதால் வோல்ட் குறைந்து போகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும். தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, பியூஸுடன் ரிலே பொருத்தித் தடித்த கம்பி இழுத்தால் அந்த நஷ்டம் நீங்கும்.

நான்காவதே முக்கியம். பல்பை மாற்றியபின் சமதரையில் வண்டியை நிறுத்தி, 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியை விழச் செய்து பார்க்க வேண்டும். தாழ்வு 1 சதவீதம் என்று விளக்கின்மேல் குறித்திருந்தால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஐந்து நிமிஷம் பிடிக்கும் இந்தக் காரியத்தைச் செய்பவர் நூற்றில் எத்தனை பேர் என்று நேயர்கள் தம்மையே கேட்டுக் கொள்ளட்டும்.

அங்கீகாரம் பெற்ற எல்.ஈ.டி. மாற்றுப் பல்பே உலகில் இல்லையா என்று சிலர் வினவுவர். உண்டு. 2020-ல் ஜெர்மனியில் அத்தகைய பல்பொன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எந்தெந்த வண்டியின் விளக்கில் அது சோதிக்கப்பட்டதோ, அந்த வண்டிகளின் ஜாபிதாவுக்கு மட்டுமே அந்த அனுமதி. பல்பையும் விளக்கையும் சேர்த்தே பரீட்சிக்க வேண்டும் என்னும் நமது வாதத்துக்கு அது சாட்சியே தவிர விரோதமன்று.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, விளக்கின் ஒளி கீழ்நோக்கியிருக்க வேண்டுமென்றும், 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசச் செய்யலாகாதென்றும் தெளிவாய்க் கூறுகிறது. ஆனால் சொந்த உபயோகத்துக்கான காருக்குப் பதிவு நடந்தால் 15 வருஷம் வரை விளக்கின் கோணத்தைக் காலாகாலத்தில் சோதிக்கும் ஏற்பாடு கிடையாது. அதே காரைப் புகைச் சோதனைக்கு மட்டும் தவணைதோறும் கொண்டுவரச் சொல்லுகிறோம். அச்சோதனை நிலையத்திலேயே விளக்கின் தாழ்வையும் அளந்து பார்க்கச் செய்வதற்கு ஒரு கருவியும் ஐந்து நிமிஷமும் போதும். சர்க்கார் இதை உடனே பரிசீலிக்க வேண்டும். அங்கீகாரமில்லாத பல்புகளைப் பகிரங்கமாய் விற்பதற்கு இடங்கொடுத்துவிட்டு, வாங்கியவரை மட்டும் சாலையில் மடக்கி அபராதம் விதிப்பது நீதியாகாது.

சட்டம் வரும் வரையில் நேயர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவே தமது வண்டியைச் சுவரெதிரே நிறுத்திப் பார்க்கலாம். சாலை பொதுச்சொத்து, அதில் விழும் இருளும் வெளிச்சமும் பொதுவே. தன் வழி தெரிவதற்காகப் பிறன் வழியை மறைப்பவன், மறுநாள் இரவு அதே சாலையில் வேறொருவனால் தானும் மறைக்கப்படுவான்.