எடை போடாமல் வளரும் பிள்ளைகள்

தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு இது. நாட்டின் சராசரி 35.5 சதவீதம் என்பதால் நாம் பரவாயில்லை என்கிறார்கள். கால்வாசிப் பிள்ளைகள் என்பது பரவாயில்லை என்று விடக்கூடிய எண்ணிக்கையா?

2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில், அங்கன்வாடிகளில் எடையும் உயரமும் பார்த்து, கடுமையாக மெலிந்த பிள்ளைகளுக்குச் சிறப்பு உணவு தருகிறார்கள். 2024 நவம்பரில் இரண்டாம் கட்டமும் வந்தது. ஆனால் பால்வாடி ஏழைகளுக்குத்தான் என்று நினைக்கும் வீடுகள் நம் காயல்பட்டினத்திலும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையை யாரும் அளப்பதில்லை. “வாப்பாவும் குட்டைதானே” என்று பேச்சு முடிந்துவிடும்.

குட்டையாக இருப்பது வம்சமாகவும் இருக்கலாம்தான். அதை ஒரு நாள் எடை சொல்லாது; மாதாமாதம் குறித்த வளர்ச்சிக் கோடுதான் சொல்லும். கோடு ஏறாமல் நின்றாலோ சரிந்தாலோ முதலில் பார்க்க வேண்டியவை: தாய்ப்பால் சரியாகக் கிடைக்கிறதா, ஆறு மாதத்துக்குப் பின்னும் நீர்க்கஞ்சி மட்டும்தானா, அடிக்கடி வயிற்றுப்போக்கா. இவையெல்லாம் சரியாக இருந்தும் எடை ஏறவில்லையென்றால், இதயக் கோளாறு போன்ற நோய் உண்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தூத்துக்குடி மீனவர் வீடுகளில் வருமானம் சுருங்கும் அந்த மாதங்களில் எடை பார்ப்பதைத் தவறவே விடக்கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சத்துமாவோடு நிறுத்தாமல், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.