வாட்ஸைக் காட்டி ஓம்ஸை மறைக்கும் வியாபாரம்

"ரிசீவர் ரொம்ப சூடாகுது சார்" என்று கடைக்காரரிடம் போனால் ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது. "சென்னை வெயில் அப்படி. பின்னாடி ஒரு சின்ன ஃபேன் வெச்சுக்குங்க." வாங்கியவரும் ஃபேன் வாங்கி வைப்பார். ஒரு மாதம் கழித்து, சரியாக கிளைமாக்ஸ் சண்டை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து ரிசீவர் 'டிக்' என்று அணைந்து போகும். வெயில் பாவம், அதற்கு வாய் இல்லை.

பல வீடுகளில் உண்மையான காரணம் ரிசீவரின் முதுகிலேயே அச்சடித்து இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், '6 முதல் 16 ஓம்ஸ்' என்றோ '8 ஓம்ஸ்' என்றோ போட்டிருக்கும். அதை விற்பவரும் படிப்பதில்லை, வாங்குபவரும் படிப்பதில்லை. ரிச்சி தெருவாகட்டும், ஊர்க் கடைத்தெருவாகட்டும், பேச்செல்லாம் வாட்ஸ்தான். "எத்தனை வாட்ஸ்?" "ஆயிரம் சார்!" பேரம் முடிந்தது.

ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு. பள்ளிக்கூடக் கணக்குதான். ரிசீவர் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். அதே வால்யூமில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மடங்கு கரண்டும் ரிசீவரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே கிளம்பும் வெப்பமும் இரண்டு மடங்கு. ஹீட் சிங்க்கோ 6 அல்லது 8 ஓமுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. இதில் ஃபேன் என்ன செய்யும்?

இன்னொரு கூத்தும் உண்டு. ஹாலுக்கு ஒரு ஜோடி, பெட்ரூமுக்கு ஒரு ஜோடி என்று ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை முறுக்கி மாட்டுவது. பேரலலாக மாட்டிய மறுகணம் அது 4 ஓம். இரண்டும் 4 ஓமாக இருந்தால் 2 ஓம். சாதாரண வீட்டு ரிசீவர் இதைத் தாங்காது.

சிலர் ரொம்ப விவரமாக, "200 வாட்ஸ் ஸ்பீக்கர் போட்டா 100 வாட்ஸ் ஆம்ப் திணறும்" என்பார்கள். ஸ்பீக்கரில் எழுதிய வாட்ஸ் அது தாங்கும் எல்லை, அது இழுக்கும் அளவு அல்ல. பார்க்க வேண்டியது ஓமையும் சென்சிடிவிட்டியையும். 91 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 85 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க நான்கு மடங்கு பவர் வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் அந்த 'ஆயிரம் வாட்ஸ்' ஸ்டிக்கருக்கு என்ன மரியாதை?

ஸ்டிக்கர் என்றதும் பி.எம்.பி.ஓ. ஞாபகம் வருகிறது. அதை அளக்க ஒத்துக்கொண்ட முறை என்று எதுவுமே கிடையாது, தோன்றிய எண்ணைப் போடலாம். பிஸ்கட் பாக்கெட்டில் எழுதிய எடை குறைந்தால் 2011-ம் வருட பாக்கெட் பொருள் விதிகளைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். 40,000 ரூபாய் ரிசீவரில் எழுதிய வாட்ஸ் குறைந்தால் யாரும் கேட்பதில்லை. '7 சேனல், சேனலுக்கு 100 வாட்ஸ்' என்று போட்டிருக்கும் பெட்டியிலும் அந்த 100 பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. அமெரிக்காவில் 1974-லேயே இதற்கு விதி கொண்டு வந்தார்கள். 2024-ல் அதைத் திருத்தி, 8 ஓம் லோடில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குள் அளந்து சொல்ல வேண்டும் என்று இறுக்கினார்கள். அதாவது எத்தனை ஓமில் என்று சொல்லாத வாட்ஸுக்கு அர்த்தமே இல்லை.

வாங்குபவர் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. கண்ணாடி ஷோகேஸுக்குள் ரிசீவரைத் திணித்து, காற்றுத் துளைகளுக்கு மேல் எம்ப்ராய்டரி துணி விரித்து, அதன் மேல் பொம்மை வைக்கும் வீடுகள் எத்தனை! :-) அங்கே ஓம் சரியாக இருந்தாலும் சூடாகத்தான் செய்யும். ஆனால் துணியை எடுத்துவிடலாம். 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓமாக்க முடியாது.

எரிந்து போன ரிசீவரை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அப்போதுதான் ஓம் என்ற வார்த்தையே முதல் முறையாக வெளியே வரும். "மேனுவல்ல போட்டிருக்கே சார், தப்பான லோடு, வாரண்டி வராது." இரண்டையும் சேர்த்து 'காம்போ' என்று விற்ற அதே கடையில்! அவர் கொடுத்த பில்லில் மாடல் நம்பர் இருக்கும், விலை இருக்கும், ஜி.எஸ்.டி. இருக்கும். ரிசீவருக்கு எத்தனை ஓம், ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பக்கத்தில் எழுத ஐந்து விநாடி ஆகாது. எழுதிவிட்டால் அப்புறம் வெயில் மேல் பழி போட முடியாதே.