கொள்முதலில் ஒரு நிபந்தனை

சிறுசேரி சிப்காட் பூங்காவில் நாள்தோறும் வந்திறங்கும் பொறியாளர்கள் உலகத்தின் பெரிய ஸ்தாபனங்களுக்கெல்லாம் மென்பொருள் எழுதித் தருகிறார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் ஒரு மாணவன் தன் மடிக்கணினியில் லினக்ஸை நிறுவினால், மற்றவை யாவும் ஒழுங்காக இயங்க, வைஃபை மட்டும் முரண்டு பிடிக்கும் சங்கடம் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. இச்சங்கடத்தைத் தீர்க்கும் சக்தி மாணவனைவிட அரசாங்கத்திடமே அதிகம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

வைஃபை சில்லு தானே ஒரு சிறு கணினி. அதற்குள் ஓடும் நிரலை ஃபர்ம்வேர் என்பார்கள். பெரும்பாலான சில்லுகளில், கணினி தொடங்கும்போது, சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் அதை எடுத்து ஏற்றுகிறது. டிரைவரைத் தன்னார்வலர் எழுதிவிடலாம். ஃபர்ம்வேரோ தயாரிப்பாளரின் உடைமை. பிராட்காம் சில்லுகளின் நடத்தையைப் புறத்தேயிருந்து ஆராய்ந்து, மிகுந்த பிரயாசையோடு எழுதப்பட்ட ‘பி43’ டிரைவர் 2008-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இடம்பெற்றபோதும், ஃபர்ம்வேரைப் பகிரும் உரிமை எவருக்கும் இல்லாமையால், நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து அதைத் தனியொரு கருவியால் வெட்டியெடுக்கும் வேலை பயனர் தலையில் விழுந்தது. இணையத்துக்கு வழிதேடுகிறவன் அந்தக் கோப்பைப் பெறுவதற்கே இணையத்தை நாடவேண்டியிருந்தது.

வேறு மார்க்கம் இல்லாமற் போகவில்லை. அதே 2008-இல் ஏதெராஸ் நிறுவனம் ‘ஏதெ9கே’ டிரைவரைத் தானே திறந்த மூலமாக வெளியிட்டது. அதனால் அதன் மதிப்பு குன்றிவிடவுமில்லை. 2011-இல் குவால்காம் அதைச் சுமார் 310 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-இல் அதன் சில யூஎஸ்பி சில்லுகளின் ஃபர்ம்வேர் மூலநிரலும் வெளிவந்தது.

வானலையின் வலிமைக்குச் சட்டம் வரம்பு விதித்திருப்பதால் ஃபர்ம்வேரைத் திறக்க இயலாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மூலத்தை மறைப்பது வேறு, பகிர்வதைத் தடுப்பது வேறு. திறந்த மூலத்தில் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற, லினக்ஸ் தொகுப்பொன்றை வெளியிடும் டெபியன் குழுவே, 2022-இல் வாக்கெடுத்து, மூடிய ஃபர்ம்வேரையும் நிறுவியில் சேர்க்க இசைந்து, 2023-இல் பன்னிரண்டாம் பதிப்பில் அதை நிறைவேற்றியது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஆயினும் பகிர்வதற்கு உரிமம் பெற்ற கோப்பை மட்டுமே டெபியனும் சேர்க்கமுடியும்.

மறைப்பில் ஆபத்தும் உண்டு. 2017-இல் ‘பிராட்பவுன்’ என்ற பெயரில் பிராட்காம் ஃபர்ம்வேரில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டபோது, ஆண்ட்ராய்டு, ஐபோன் என்ற பேதமின்றி எண்ணற்ற போன்கள் அதற்கு இலக்காயின. மூலநிரல் மூடிக்கிடந்தமையால், திருத்தத்துக்கு நிறுவனத்தையே எதிர்பார்த்திருக்க நேர்ந்தது.

2011 முதல் தன் நிறுவனமான எல்காட் வாயிலாக லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வாங்கிய தமிழக அரசு, இனி வாங்கும்போது டெண்டரில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கவேண்டும்: வைஃபை டிரைவர் கெர்னலிலேயே இருக்கவேண்டும், ஃபர்ம்வேரை எவரும் பகிர உரிமம் வேண்டும், கணினியின் ஆயுள்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரவேண்டும். தனிமனிதன் கெஞ்சினால் செவிசாய்க்காத வியாபாரி, லட்சம் கணினிக்கு ஆர்டர் தருபவன் கேட்டால் அவசியம் இசைவான்.