முதற்பாலின் கணக்கு
கலோரி எண்ணும் செயலியில் 'மீன் கறி, ஒரு கப்' என்று போட்டால் உடனே ஓர் எண் வந்துவிடும். தேங்காயின் முதற்பால் விட்ட கறியா, இரண்டாம் பாலோடு இறக்கிய கறியா என்று அது கேட்பதில்லை. கிழக்கிலங்கையின் கோமாரிப் பக்கத்து அடுப்படிகளில் கணக்கே அங்கேதான் கிடக்கிறது. துருவிய தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. அதே எடைச் சோற்றில் 130தான். உடம்பு வைத்தால் பழி மட்டும் சோற்றுக்கு! சம்பல், சொதி, கறி, கீரைச் சுண்டல் என்று நாலு வழியில் பீங்கானுக்கு வரும் தேங்காயை யாரும் கண்டுகொள்வதில்லை. செயலியைத் திறக்குமுன் துருவலைத் தராசில் வைத்துப் பாருங்கள். பாதி மூடியே போதும் என்று கை தானாகப் பழகிவிடும்.

சீனியும் லேசுப்பட்டதல்ல. தேக்கரண்டிக்கு 16 கலோரி. மூன்று கரண்டி போட்டு நாலு தடவை பிளேன்டீ குடித்தால் 190ஐத் தாண்டும். குளிர்பானப் போத்தலுக்கு 2016இல் அரசு சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வைத்தது. வீட்டுக் கேத்தலுக்கு யார் வைப்பது?

கல்யாண வீட்டுச் சஹனை மட்டும் விட்டுவிடலாம். ஐந்தாறு பேர் கைவைக்கும் தட்டில் தன் பங்கைக் கணக்குப் பார்ப்பவனை அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.