“விக்கேக்க என்ன வரும்?”

கோண்டாவிலில் ஒரு கலியாண வீடு. எங்களில் ஒருத்தி தன்ர 1998 ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக்கைக் கொண்டு வந்து வேலியோரம் விட்டாள். இறங்கிக் கதவைப் பூட்ட முன்னமே, பந்தலுக்கு வெளியில் நின்ற மாமா ஒருவர் காரைச் சுற்றி ஒரு நடை போனார். பொனட்டில் விரலால் தட்டினார். ரயரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “பிள்ளை, இதை விக்கேக்க என்ன வரும்?”

அவள் அதை வாங்கி மூன்று மாதம்தான். எப்படி ஓடுது, ஏன் இதை எடுத்தனி, எவ்வளவு பெற்றோல் குடிக்குது, ஒன்றும் கேட்கவில்லை. நேரே விற்பனை. பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்த ஆள் செத்தவீட்டுச் செலவை விசாரிக்கிற மாதிரி.

மாமாவில் எங்களுக்குக் கோபமில்லை. கேள்வியில்தான் கோபம். ஏனெண்டா எங்கட வயசுப் பெடியளும் இப்ப அதே கேள்வியைத்தான் கேட்கிறாங்கள். முதல் கார் எடுக்கிற எவனைக் கேட்டாலும் பட்டியல் மாறாது: வாகன் ஆர், விட்ஸ், அக்குவா, அல்ட்டோ. நிறம் வெள்ளை. இவை கூடாத கார்கள் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, சந்தைக்குப் போக, குறைந்த பெற்றோலில் கொழும்புக்குப் போய்வர அருமையான வண்டிகள். பிடித்துப்போய் வாங்கினால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். ஆனால் பிடித்து வாங்குகிறவர் குறைவு. “வெள்ளை எண்டா உடன போகும்” என்று வெள்ளை. “ஓட்டோ எண்டாத்தான் கேப்பினம்” என்று ஓட்டோ. சீற்றில் இருக்கிற பொலித்தீனைக்கூட உரிக்கிறதில்லை. முகம் தெரியாத அடுத்த ஆளுக்காக நாங்கள் கடன் பட்டு வாங்கி, கீறு விழாமல் வளர்த்து, குளிப்பாட்டிக் குடுக்கிறோம்.

இந்த வருத்தம் எங்கே இருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருசம். ரூபா விழுந்தது, இருக்கிற கார்களின் விலை ஏறியது, ஐந்து வருசம் ஓடின காரை வாங்கின விலையை விடக் கூட வித்தவர்களை எல்லோருக்கும் தெரியும். கார் காப்பு, சங்கிலி மாதிரி ஆனது. ஆனால் ஒரு சின்னக் கணக்கை ஒருவரும் போடவில்லை. கூடின விலைக்கு வித்தவர் அடுத்த காரையும் கூடின விலைக்குத்தானே வாங்கவேணும்? வித்துவிட்டு நடந்து திரிகிறவருக்கு மட்டும்தான் அந்த இலாபம்.

எங்கட கூட்டாளி ஒருத்தன். பெயர் வேண்டாம். நல்ல “ரீசேல் வலியூ” உள்ள காரை லீசிங்கில் எடுத்தான். மாதக் கட்டுக்காசு சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. பிடிக்காத வேலையை விட அவனுக்கு வழியில்லை; விட்டால் அடுத்த மாதம் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். பெற்றோலுக்கும் கை இறுகியதால் கார் போர்டிகோவுக்குள் நிற்க, ஆள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனான். “எப்படியும் நல்ல விலைக்குப் போகும்டா” என்றுதான் மூன்று வருசமாகச் சொன்னான். சொல்லும்போது சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகுதான் இதை எழுதவேணும் என்று நாங்கள் முடிவெடுத்தோம்.

சரி, நீங்கள் என்னத்தை வாங்கச் சொல்லுறியள் எண்டு கேட்பீர்கள். சின்னது, பாரமில்லாதது, கையால் கியர் போடுகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சிவிக், அதிலும் எங்கட பெடியள் ஈகே3 என்கிற வகை. அதே காலத்து ரொயோட்டா ஸ்ராலற். கொஞ்சம் புதுசு வேணுமெண்டா 2005 க்குப் பிறகு வந்த சுசுகி சுவிஃப்ட். இதுவும் மலிவில்லை, இந்த நாட்டில் மலிவான கார் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஏழெட்டு வருசப் பழைய வாகன் ஆருக்குக் கேட்கிற காசை விடக் குறைவு. இந்த வயசு வண்டிக்குப் பொதுவாக லீசிங் குடுக்க மாட்டார்கள். அதைக் குறை என்று சொல்கிறார்கள். நாங்கள் அதைத்தான் இதன்ர முதல் நன்மை என்கிறோம். சேர்த்த காசுக்குள் வாங்குவாய், வாங்கின அன்றே அது உன்னுடையது.

“ஸ்போர்ட்ஸ் கார்” என்றவுடன் வேகம் என்று நினைக்கவேண்டாம். இங்கே காருக்கு ஊருக்குள் 50, வெளியில் 70 தான் சட்டம். 300 குதிரைவலு உள்ள வண்டியில் 70 இல் போவது தவம். அந்த சிவிக்கில் 1.5 லீற்றர் வீடெக் எஞ்சினுக்கு 130 குதிரைவலு, பாரம் ஒரு தொன் சொச்சம், நாலு சில்லுக்கும் டபிள் விஷ்போன் சஸ்பென்ஷன். ஐம்பதில் போகும்போதே றோட்டு கைக்குத் தெரியும். விடியக்காலமை பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம், இரண்டு பக்கமும் கடல், மூன்றாம் கியரில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய்ப் பாருங்கோ. வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பத்து நிமிசம் கிடைக்கும் என்றால் நாள் வேறு மாதிரி இருக்கும். மலையகத்து வாசகர்களுக்கு வளைவுகள் வாசலிலேயே கிடக்கு. எங்களுக்கு நேர் றோட்டில் இதுதான் பாக்கியம்.

“பழைய கார் நம்ப ஏலாது” என்று பெரியாக்கள் சொல்லும்போதுதான் எங்களுக்கு உண்மையில் சிரிப்பு வரும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. அப்போதே நாற்பது வயதான ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்க ஓடினவர்கள் இதே ஆட்கள். மாப்பிள்ளையும் அதில்தான் வந்தார், பிள்ளைத்தாச்சியும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதைச் சொல்லிப் பெருமைப்படுகிற வாயால் இருபத்தைந்து வருச ஜப்பான் காரைக் குப்பை என்கிறார்கள்.

ஆனாலும் பொய் சொல்லி உங்களைக் கிணத்தில் தள்ள விருப்பமில்லை. பழைய வண்டி வேலை வைக்கும். வாங்குகிற காசில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருசத்துக்கு ஒதுக்கி வையுங்கோ. மீற்றர் சொல்கிறதை நம்பவேண்டாம். ஸ்ரியரிங்கும் பெடல் றப்பரும் தேய்ந்த அளவைப் பாருங்கோ. இந்த சிவிக்குகளுக்குக் கறல் முதலில் பிடிப்பது பின் சில்லுக்கு மேல் இருக்கிற வளைவில். உப்புக்காத்து ஊரில் சொல்லவே வேண்டாம். பெயின்ற் பளபளக்கும், உள்ளே பற்றி. சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கோ. பற்றி நிரப்பின இடத்தில் ஒட்டாது. கடும் வெயிலில் விட்டுவிட்டு வந்தால் சில நேரம் ஸ்ராட் வராது. எஞ்சின் போச்சு என்று கராஜில் பயப்படுத்துவார்கள். பெரும்பாலும் டாஷ்போட்டுக்கு உள்ளே இருக்கிற மெயின் றிலேயில் ஈயம் வெடித்திருக்கும். திரும்ப ஒட்டினால் சரி. ரைமிங் பெல்ட் எப்ப மாற்றினது என்று கேளுங்கோ, தெரியாது என்றால் வாங்கின கிழமையே மாற்றுங்கோ. அந்தக் காலத்து சீவீரீ கியர்பெட்டி வந்ததை எடுக்காதேங்கோ, மனுவலே எடுங்கோ. சாமானுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. ஒரு நாள் போய் அலைந்தால் ஒரு கார் பாடமாகும். “ஓபின் பேப்பரில” எடுக்கிற விசர் வேலை வேண்டாம், புத்தகத்தை உங்கட பெயருக்கு மாற்றுங்கோ.

பெற்றோல் கூடக் குடிக்கும். 2022 இல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும் கியூஆர் வரிசையையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் மாதம் கட்டுகிற லீசிங் வட்டிக்கு எத்தனை லீற்றர் அடிக்கலாம் என்று ஒருக்கால் கணக்குப் பாருங்கோ.

இனி எங்கட பக்கத்து ஆட்களோடும் ஒரு சண்டை. இந்தக் கார்களின் பெயரைக் கெடுத்தது மாமாமார் இல்லை. ஸ்பிறிங்கை வெட்டி, சைலன்சரைக் கழட்டி, இரவு பத்து மணிக்கு ஏ9 இல் போட்டிக்கு ஓடுகிற பெடியள். பிள்ளை நித்திரையாகிற வீட்டுக்கு முன்னால் உறுமிக் காட்டுவதில் என்ன வீரம்? இந்தக் கார்களில் பலதுக்கு எயார்பேக் இல்லை, இருந்தாலும் அதுக்கும் இருபத்தைந்து வயது. புதுக் காரில் தப்புகிற அடியில் இதில் தப்ப மாட்டாய். கூட இருக்கிறவனும், எதிரே சைக்கிளில் வருகிற மனிசனும்தான். முதலில் ரயர், பிறேக், சீற் பெல்ட். பிறகுதான் மற்றதெல்லாம். இன்னொன்று: இருபத்தைந்து வருசக் காரை இனி ஒருவரும் இறக்குமதி செய்யப் போவதில்லை. நீ மரத்தில் அடித்து நொறுக்குகிற ஒவ்வொன்றும் இந்தத் தீவில் ஒன்று குறையும்.

கலியாண வீட்டில் இன்னுமொன்றும் நடந்தது. மாமா போனபிறகு ஒரு அன்ரி வந்து, “பொம்பிளைப் பிள்ளைக்கு கியர் கார் என்னத்துக்கு, ஓட்டோ தான் சுகம்” என்றா. எங்கட தோழி ஒன்றும் சொல்லவில்லை. பந்தி முடிய அன்ரியையே முன் சீற்றில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் இறக்கினாள். இறங்கும்போது அன்ரி மெல்லமாய்ச் சொன்னாவாம், தானும் கலியாணத்துக்கு முன்னம் தகப்பன்ர ஒஸ்ரினை ஒழுங்கைக்குள்ள ஓடினவ எண்டு. பிறகு ஏன் விட்டனீங்கள் எண்டதுக்குப் பதிலில்லை.

லீசிங் கூட்டாளி போன கிழமை ஃபோன் எடுத்தான். கடைசிக் கட்டுக்காசு முடியுதாம். நாங்கள் வாய் திறக்க முன்னம் அவனே சொன்னான், சுன்னாகத்தில் ஒரு ஸ்ராலற் நிற்குதாம், சிவப்பு, மனுவல், ஒரு ரீச்சர் வைத்திருந்ததாம். “விக்கேக்க ஒண்டும் வராது போல கிடக்கு மச்சான்” என்றான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். காந்தம் எங்களிட்ட இருக்கு.