கால்வாய் வெட்டியவர்களும் கரையில் வாழ்பவர்களும்

கால்வாய் என்றதும் அதை வெட்டுவித்த மன்னனின் பெயரைச் சொல்கிறோம். வரைபடம் போட்ட பொறியாளரின் பெயரைச் சொல்கிறோம். ஆணையிட்ட ஆளுநரின் பெயரையே கால்வாய்க்கும் சூட்டிவிடுகிறோம். மண்வெட்டி பிடித்தவனின் பெயரும் மண்கூடை சுமந்தவளின் பெயரும் எந்தக் கல்வெட்டில் இருக்கின்றன? புனேயில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இன்று இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஏனெனில் இந்நகரின் நடுவே ஓடும் முத்தா வலதுகரைக் கால்வாயின் எதிர்காலம் இப்போது முடிவாகிக் கொண்டிருக்கிறது. அதன் கரையில் வாழும் ஏழைகளின் எதிர்காலமும் அத்துடன் சேர்ந்தே முடிவாகும்.

கால்வாய்களால் வளம் பெருகும் என்பதை நாம் மறுக்கவில்லை. நூறு மாட்டுவண்டிகள் சுமக்கும் சரக்கைச் சில படகுகள் சுமந்துவிடும். சரக்குக்கூலி குறைந்தால் சந்தை விரியும். தண்ணீர் பாய்ந்தால் ஒருபோகம் இருபோகமாகும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையிலான கடல்வழி ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. பம்பாய்த் துறைமுகம் செழித்தது. பருத்தி வணிகர்கள் கொழுத்தார்கள்.

ஆனால் சூயஸை வெட்டியவர்கள் யார்? தொடக்க ஆண்டுகளில் எகிப்திய உழவர்கள் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டார்கள். கடைசியில் எகிப்து கடனில் மூழ்கியது. 1875இல் அதன் பங்குகளைப் பிரிட்டன் விலைக்கு வாங்கிக்கொண்டது. தன் மண்ணில் தன் மக்கள் வெட்டிய கால்வாயைத் திரும்பப் பெற, 1956இல் நாசர் நாட்டுடைமை ஆக்கும்வரை எகிப்து காத்திருக்க வேண்டியிருந்தது.

1914இல் திறக்கப்பட்ட பனாமாவின் கதையும் இதுதான். பார்பேடோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து கறுப்பின மக்கள் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்து அதை வெட்டினார்கள். அங்கே சம்பளப் பட்டியல் இரண்டு. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் ‘தங்கப் பட்டியல்’. மற்றவர்களுக்கு ‘வெள்ளிப் பட்டியல்’. சம்பளம் மட்டுமா வேறு? குடியிருப்பு வேறு, உணவுக்கூடம் வேறு. அமெரிக்கர் காலத்து வேலையில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர்.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். இதே கதை நம் ஊரிலும் நடந்தது. இந்தப் புனேயிலும் நடந்தது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் தக்காணத்தையும் பெரும்பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். நிவாரணம் வேண்டும் என்றால் வேலை செய் என்றது வெள்ளை அரசு. அப்படிப் பஞ்சத்தில் அடிபட்டவர்களின் உழைப்பில்தான், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை நீண்ட அந்த நீர்வழிக்கு ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. விறகும் உப்பும் நெல்லும் படகு படகாகச் சென்னைக்கு வந்து இறங்கின.

வெட்டியவனுக்குக் கிடைத்தது என்ன? பஞ்சச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, 1877 தொடக்கத்தில் ஓர் ஆண் தொழிலாளியின் நாள்கூலியை ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், அதனுடன் சிறிது காசு என்று குறைத்தார். நாள் முழுவதும் மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது, உடல் உருகிச் சாவான் என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பிறகுதான் அந்தப் படி சற்றே உயர்ந்தது.

அதே டெம்பிள் அதே 1877இல் பம்பாய் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார்! அவர் பதவியேற்கும் முன்பே இங்கும் நிவாரணக் கூலி வெட்டப்பட்டிருந்தது. அதை எதிர்த்துத் தக்காணத்து மராத்தி உழவர்கள் ஆயிரக்கணக்கில் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேலையிடங்களிலிருந்து வெளியேறினார்கள். பசியோடு இருந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. அவர்களுக்காகப் பூனா சார்வஜனிக் சபை குரல் கொடுத்தது. தமிழனின் வயிற்றிலும் மராத்தியனின் வயிற்றிலும் ஒரே அளவுகோலால் அடித்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

கடக்வாஸ்லா அணையும் முத்தா கால்வாய்களும் உருவானது இந்த 1870களில்தான். அந்த நீர்த்தேக்கத்துக்கும் ஃபைஃப் என்ற பொறியாளரின் பெயரையே சூட்டினார்கள். பூனா கண்டோன்மென்டும் கிர்க்கியும் அதன் தண்ணீரைக் குடித்தன. ஹடப்சர், மாஞ்சரி வயல்களில் கரும்பு வளர்ந்தது. இன்றும் தௌண்ட், இந்தாபூர் வட்டாரங்களின் வயல்கள் இந்தக் கால்வாயை நம்பியுள்ளன. அந்தக் கரும்பை வெட்ட ஆண்டுதோறும் பீட் மாவட்டத்து ஏழைகள் குடும்பத்தோடு பெயர்ந்து வருகிறார்கள். பாசனம் பெருகியது, ஆலைகள் பெருகின, வெட்டுக்கூலியின் வாழ்வு மட்டும் குடிசையிலேயே நிற்கிறது.

இந்த முரண்பாட்டை அன்றே கண்டு எழுதியவர் இம்மண்ணின் மகாத்மா ஜோதிராவ் புலே. பொதுப்பணி ஒப்பந்தக்காரராகவும் பூனா நகராட்சி உறுப்பினராகவும் இருந்த அவருக்கு அரசு வேலைகள் நடக்கும் விதம் தெரியும். 1883இல் எழுதிய ‘உழவனின் சாட்டை’ என்ற மராத்தி நூலில், உழைப்பவனின் வரிப்பணம் அவனுக்குப் பயன்படாமல் போவதைச் சாடினார். மழைநீர் நிலத்தில் ஊற, படைவீரர்களையும் போலீசாரையும் கொண்டு சிறு கரைகள் கட்டச் சொன்னார்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2018 செப்டம்பர் 27 அன்று பார்வதி மலையடியில், ஜனதா வசாகத் அருகே கால்வாய்ச் சுவர் உடைந்தது. தாண்டேகர் பாலத்தை ஒட்டிய குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாயின. அரிசி மூட்டை, பள்ளிப் புத்தகம், ரேஷன் அட்டை எல்லாம் சேற்றில் போயின. எலிகளும் நண்டுகளும் கரையைக் குடைந்துவிட்டன என்றார் அன்றைய நீர்வளத்துறை அமைச்சர். எலி வளை தோண்டும் என்பது ஊரறிந்த செய்தி. அதை ஆண்டுதோறும் பார்த்து அடைக்கத்தானே துறை இருக்கிறது?

இப்போது கடக்வாஸ்லாவிலிருந்து புர்சுங்கி வரை தண்ணீரைச் சுரங்கத்தின் வழியே கொண்டுசெல்லும் திட்டத்தை மாநில அரசு முன்னெடுக்கிறது. கசிவும் கழிவும் குறையும், தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். நல்லதுதான், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தண்ணீர் பூமிக்கடியில் போனபின், நகரின் நடுவே மைல் கணக்கில் காலியாகும் நிலம் யாருக்கு? சாலைக்கா? அடுக்குமாடிக்கா? கரையில் தலைமுறைகளாக வாழ்பவர்கள் எங்கே போவார்கள்?

சென்னையைப் பாருங்கள். நம் முன்னோர் பட்டினியோடு வெட்டிய பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. நீர்க்கரைகளில் வாழ்ந்த ஏழைகளோ கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடு கிடைத்தது, வேலை தொலைவில் போனது. பாத்திரம் தேய்க்கப் போகும் தாய் பஸ்ஸுக்கே பாதிக் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தால் அது மறுவாழ்வா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. சுரங்கம் வரும்வரை பழைய சுவர்களை மழைக்கு முன் ஆண்டுதோறும் பழுதுபார்க்க வேண்டும். நிலத்தை அளக்கும் முன் கரையில் வாழும் மக்களைக் கணக்கெடுத்து, குடும்பந்தோறும் எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். மறுகுடியமர்வு அதே வட்டாரத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கும் பெரியவர்களின் பிழைப்புக்கும் அருகிலேயே நடக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டம் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதைக் காட்டப் பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, போட்டோ பாஸ் அனைத்தும் தேவை. அவற்றைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்தால் போதாது. நகலெடுத்து இன்னொரு வீட்டிலும் வையுங்கள். தொலைந்தவற்றுக்கு இப்போதே மனுக் கொடுங்கள்.

தனித்து நிற்காதீர்கள். கரையில் தமிழன் மட்டுமா இருக்கிறான்? மராத்தியரும் கன்னடரும் தெலுங்கரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். 1877இல் கூடையைக் கீழே வைத்தவர்களின் வாரிசுகள் நம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து மனு எழுதுவோம். அவர்களோடு சேர்ந்தே மாநகராட்சியின் வாசலுக்குப் போவோம். வெட்டியவர்களைத்தான் வரலாறு எழுதாமல் விட்டது. கரையில் வாழ்பவர்களைக் கணக்கில் எழுதாமல் விட நாம் அனுமதிக்கக் கூடாது.